டியூன் பக்கியின் பின்பக்கத்தை உயர்த்தும் முன்

2009 மார்ச் கடைசி நாளில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் யமஹா நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. ‘ரைனோ’ என்ற பெயரில் விற்பனையான, இருவர் அருகருகே உட்கார்ந்து செல்லும் கரடுமுரடு நில வண்டியைப் பற்றியது அது. 450, 660 ஆகிய இரண்டு ரகங்களில் சுமார் 1,20,000 வண்டிகள் மக்கள் கையில் இருந்தன. அவற்றை ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள், விற்பனையாளரிடம் கொண்டுவந்தால் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்றது அறிவிப்பு. அந்த ரகங்கள் சம்பந்தப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட விபத்துகளை ஆணையம் ஆராய்ந்திருந்தது. அவற்றில் 46 பேர் இறந்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்த விபத்துகள்; பலவும் சமதரையில், குறைந்த வேகத்தில் நடந்தவை.

இத்தனை உயிர் போன பிறகு செய்த திருத்தம் என்ன? பின்சக்கரங்களுக்கு ஸ்பேசர் வைத்து அகலத்தைக் கூட்டினார்கள். திருப்பத்தில் உடல் சாய்வதைக் கட்டுப்படுத்தும் பின்பக்க ஆன்டி-ஸ்வே பாரைக் கழற்றிவிட்டார்கள். கவிழும் வாய்ப்பைக் குறைக்க அறிவிப்பு சொன்ன திருத்தங்கள் இவைதான். இரண்டுமே வண்டியின் பின்பக்கத்தில் செய்த வேலைகள்.

ரைனோ, பொறியாளர்கள் வரைந்து தொழிற்சாலையில் உருவான வண்டி. அதிலேயே பின்பக்கத்துச் சிறு மாற்றம் இவ்வளவு முக்கியம் என்றால், வீட்டுக் கொட்டகையில் ஜாக்கியும் ஸ்பேனருமாக உட்கார்ந்து தன் டியூன் பக்கியின் பின்பக்கத்தை மூன்று அங்குலம் தூக்குகிறவர் எதையெல்லாம் மாற்றுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டே கையை வைக்க வேண்டும். அந்த வேலையே கூடாது என்பதல்ல. பல பக்கிகளுக்கு அது தேவை. ஆனால் உயரம் மாறும்போது வண்டியின் குணமும் மாறுகிறது. விபத்து நேர்ந்தால் யாரிடம் என்ன கேட்கலாம் என்ற கணக்கும் கூடவே மாறுகிறது.

டியூன் பக்கியின் பிறப்பிலேயே இந்தப் பிரச்சினை இருக்கிறது. கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் படகு கட்டிப் பழகிய புரூஸ் மேயர்ஸ், 1964இல் கண்ணாடியிழையில் ஒரு வண்டி செய்தார். ‘மேயர்ஸ் மேங்ஸ்’ என்ற வகையின் முதல் வண்டி அது. சீக்கிரமே விலை குறைந்த வழி ஒன்றைக் கண்டார்: ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் இரும்புக் கூட்டைக் கழற்றிவிட்டு, தளத்தைச் சுமார் பதினாலேகால் அங்குலம் வெட்டிக் குறுக்கி, மேலே கண்ணாடியிழைக் கூட்டைப் பொருத்துவது. 1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் தொடங்கிய முதல் மெக்சிகன் 1000 பந்தயத்திலும் மேங்ஸ் வண்டியே வென்றது. மேயர்ஸ் விற்ற கூடுகள் சுமார் 6,000. அவருடைய காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதனால் நகலெடுத்தவர்கள் விற்றது அதைவிடப் பல மடங்கு.

இன்று சாலையிலும் மணலிலும் ஓடும் பழைய பக்கிகளில் பெரும்பகுதி இப்படி யாரோ ஒருவர் விற்ற கூட்டை, வேறு யாரோ ஒருவர் தன் வீட்டில் பொருத்தியதுதான். ரைனோவுக்கு ஒரு யமஹா இருந்தது. திரும்பப் பெறச் சொல்லி அரசு கேட்க முடிந்தது. வீட்டில் கட்டிய பக்கிக்கு அப்படி யாருமில்லை. இந்த உயரம்தான் சரியென்று முத்திரை குத்திய கையேடும் இல்லை.

அந்த வண்டியின் பின்பக்கம் ஏன் தூக்கிக்கொண்டு நிற்கிறது? பீட்டிலின் சுருள்கம்பியற்ற சஸ்பென்ஷன், முழு இரும்புக் கூட்டின் எடையைத் தாங்குவதற்காக அளந்து வைத்தது. அந்த எடை போய்விட்டால் பின்பக்கம் தானாக எழும்பிவிடும். அதோடு பெரிய மணல் டயர் போடும்போது இன்னும் உயர்கிறது. பக்கியைப் பலவிதமாகப் பயன்படுத்துகிறவருக்குத் தலைவலி இங்கேதான். வாரநாளில் கடைக்கும் வேலைக்கும் சாலையில் போக வேண்டும். வாரக் கடைசியில் ஓஷியானோ கடற்கரை மணலுக்கோ கிளாமிஸ் அருகே இம்பீரியல் மணல்மேடுகளுக்கோ போக வேண்டும். நடுவில் கல்லும் குழியுமான பாலைவனத் தடமும் உண்டு. மணலுக்கும் கல்லுக்கும் வயிறு தட்டாத உயரம் வேண்டும். சாலைத் திருப்பத்துக்குத் தாழ்வு வேண்டும். இரண்டையும் ஒரே அளவு தராது.

பின்பக்க உயரத்தைத் தீர்மானிப்பது டார்ஷன் பார் என்ற உருக்குத் தண்டு. ஈரத்துணியை முறுக்கினால் அது திரும்ப விரிய முயல்வதுபோல், எடை ஏறும்போது இந்தத் தண்டு முறுகி எதிர்த்து நிற்கிறது. தண்டின் உள்முனை சேஸிஸின் குறுக்குக் குழாய்க்குள் பற்களில் மாட்டியிருக்கும். வெளிமுனையில் ஸ்பிரிங் பிளேட் என்ற தகடு மாட்டியிருக்கும். சக்கரம் தொங்குவது அந்தத் தகட்டில். பீட்டில் தண்டின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. ஆகவே உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி திரும்பும்; வெளியே ஒரு பல் நகர்த்தினால் 8 டிகிரி 10 நிமிடம். உள்ளே ஒரு பல் ஒரு திசையிலும் வெளியே ஒரு பல் எதிர்த்திசையிலும் நகர்த்தினால் மிஞ்சுவது 50 நிமிடம், அதாவது ஒரு டிகிரிக்கும் குறைவு. சக்கரத்தில் அது ஏறத்தாழ கால் அங்குல உயரம். வெளிப்பல் ஒன்றை மட்டும் நகர்த்தினால் இரண்டு அங்குலத்துக்கு மேல் போய்விடும். பற்களின் எண்ணிக்கையை வேறுபடுத்தி வைத்த அந்தப் பொறியாளர்களின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்: பொறுமை உள்ளவருக்குக் கால் அங்குலத் துல்லியம் கிடைக்கிறது.

பொறுமை இல்லாதவர்கள் ஒரே பல்லாகத் தாண்டிவிடுகிறார்கள். ஆபத்து அங்கே தொடங்குகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, வண்டியின் அடியில் இருப்பது எந்த வகை ஆக்சில் என்பதை. பக்கியின் பதிவுச் சீட்டில் உள்ள ஆண்டை நம்பிப் பயனில்லை. பல வண்டிகளின் பாகங்கள் அதில் கலந்திருக்கும். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஆக்சில் ஒரு குழாய்க்குள் மூடியிருந்தால் அது பழைய ஸ்விங் ஆக்சில். தண்டு வெளியே தெரிந்து, அதன் இரண்டு முனையிலும் ரப்பர் பூட் இருந்தால் அது அமெரிக்கச் சந்தைக்கான பீட்டில்களில் 1969 முதல் பரவலாக வந்த ஐ.ஆர்.எஸ். (இன்டிபென்டன்ட் ரியர் சஸ்பென்ஷன்) வகை.

ஸ்விங் ஆக்சில் கியர்பாக்ஸ் பக்கத்தில் மட்டும் மடங்கும்; சக்கரத்துப் பக்கம் மடங்காது. பின்பக்கம் உயர்ந்தால் இரண்டு சக்கரங்களின் அடிப்பகுதியும் உள்நோக்கிச் சாயும். அந்த நிலையில் வேகமாகத் திருப்பினால் வெளிச்சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு உடலை மேல்நோக்கித் தள்ளும். தள்ளத் தள்ளச் சக்கரம் இன்னும் உள்ளே மடியும். வண்டி உயர்ந்துகொண்டே, கால் குறுகிக்கொண்டே போய்ச் சட்டென்று புரளும். திருப்பத்தின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை மோசமாகும்.

இந்தக் குணம் உலகுக்குத் தெரிந்தது செவ்ரோலே கார்வேர் காரால். 1960 முதல் 1964 வரையிலான கார்வேர்களில் ஸ்விங் ஆக்சில் இருந்தது. ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீடு’ நூலின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியது. அந்தக் கால மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்று 1972இல் அரசின் ஆய்வு சொன்னது உண்மை. ஆனால் நேடரின் புத்தகம் கிளப்பிய கோபத்தின் பின்னணியில்தான் 1966இல் அமெரிக்கா தேசிய வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டுகளில் தயாரிப்பாளர்களும் அசைந்தார்கள். 1964 கார்வேரில் பின்பக்கத்தில் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் வந்தது. 1967 பீட்டிலில் சமன்படுத்தும் கம்பி ஒன்று வந்தது. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் இருந்த எம்பி நிறுவனம், சக்கரம் உள்ளே மடிவதைத் தடுக்கும் ‘கேம்பர் காம்பன்சேட்டர்’ என்ற பாகத்தை அதற்கு முன்பே விற்றுவந்தது. ஸ்விங் ஆக்சில் பக்கியை உயர்த்த நினைக்கிறவர் இன்றும் அதைத் தேடிப் பொருத்துவது நல்லது. இன்னும் நல்லது, சாலையில் ஓடும் வண்டியென்றால் உயர்த்தாமல் இருப்பது.

ஐ.ஆர்.எஸ். வண்டியில் சக்கரம் இவ்வளவு மடியாது. ஆனால் கவிழும் கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். இடவல சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடைமையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் வரும் எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கார்களின் கவிழும் வாய்ப்பை மதிப்பிடப் பயன்படுத்துகிறது. உதாரணத்துக்கு, அகலம் 52 அங்குலம், எடைமையம் தரையிலிருந்து 20 அங்குலம் என்றால் 1.3. எடைமையம் 22 அங்குலத்துக்கு ஏறினால் 1.18 ஆகிவிடும். எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டியில் எடையின் பெரும்பங்கு பின்பக்கத்தில் இருப்பதால், பின்பக்கத்தை உயர்த்தும்போது எடைமையம் அதற்கேற்ப அதிகமாகவே ஏறுகிறது.

முன்பக்கத்தைத் தொடவே இல்லையே என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பின்பக்கம் எழும்பினால் முன் ஆக்சில் முன்னோக்கிச் சாய்கிறது. காஸ்டர் கோணம் குறைகிறது. ஸ்டீயரிங்கை நேர்கோட்டில் வைத்திருப்பது அந்தக் கோணம்தான். பக்கியின் முன்பக்கம் ஏற்கெனவே எடையில்லாதது. காஸ்டரும் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி இங்குமங்கும் அலையும். முன் ஆக்சிலின் கீழ்க்குழாய்க்குப் பின்னால் காஸ்டர் ஷிம் என்ற சிறு தகட்டை வைத்தால் ஓரளவு சரியாகும். முகப்பு விளக்கின் ஒளியும் தாழ்ந்துவிடும். அதையும் திரும்ப அமைக்க வேண்டும். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையிலும் இழுபடாமல் இருக்கிறதா, ஷாக் அப்சார்பர் அந்த நீளத்துக்குப் போதுமா, ஐ.ஆர்.எஸ். வண்டியின் சி.வி. ஜாயின்ட் அந்தக் கோணத்தில் இறுகாமல் சுற்றுகிறதா என்பதைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே சக்கரத்தைத் தரையில் வைக்க வேண்டும்.

டார்ஷன் பாரைத் தொடாமலே உயர்த்திவிடலாம் என்று காற்றடிக்கும் ஷாக்கையோ சுருள்கம்பி சுற்றிய ஷாக்கையோ மாட்டுகிறவர்கள் உண்டு. பீட்டிலின் ஷாக் தாங்கி, ஆட்டத்தை அடக்குவதற்கு மட்டும் செய்தது. வண்டியின் எடையைச் சுமப்பதற்கல்ல. வலுவூட்டாமல் அதில் எடையை ஏற்றினால் தாங்கி விரிசல் விடும், மணல்மேட்டிலிருந்து இறங்கும் அடியில் முறிந்தும் போகும். பணம் மிச்சம் என்று தோன்றும் இந்த வழிதான் உண்மையில் மோசமானது.

வேலையைச் செய்யும்போதே காயம் படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பிரிங் பிளேட் குழாயின் அடிப்பக்கத்து நிறுத்தத்தில் சாய்ந்து நிற்கும்போதும் தண்டில் முறுக்கு மிச்சமிருக்கும். நெம்பி எடுத்த கணத்தில் அது கீழ்நோக்கிப் பாயும். அந்த வளைவில் கை இருந்தால் எலும்பு மிஞ்சாது. பிளேட்டின் அடியில் ஜாக்கியைக் கொடுத்துச் சங்கிலியால் கட்டி, மெதுவாக இறக்குவதே முறை. வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டுகளின் மேல். ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது. கழற்றும் முன் தண்டு, தகடு, குழாய் மூன்றிலும் ஒரே கோடாக அடையாளம் இட்டுக்கொள்ள வேண்டும். இடத் தண்டும் வலத் தண்டும் எதிரெதிர்த் திசையில் முறுகப் பழக்கியவை. மாற்றி மாட்டினால் நாளடைவில் உடையும். அளவெடுக்கும்போது வண்டி சமதரையில், டயரில் சரியான காற்றோடு, வழக்கமாக ஏறும் ஆட்களின் எடையோடு நிற்க வேண்டும். காலி வண்டியில் எடுத்த அளவு பொய் சொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது? கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. தாழ்த்தினால், சக்கரத்தின் ரிம் அடிவிளிம்பைவிட உடலின் எந்தப் பகுதியும் கீழே வரக் கூடாது. உயர்த்தினால், பயணிகள் காரின் சட்டகம் தரையிலிருந்து 23 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அளப்பது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில். முகப்பு விளக்கு 22 அங்குலத்துக்கும் 54 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். நடுவில் அளப்பதால், பின்பக்கத்தை மட்டும் ஆறு அங்குலம் தூக்கினாலும் சட்டத்தின் கணக்கில் ஏறுவது ஏறக்குறைய மூன்றுதான். 23 அங்குலத்தை எட்டுவதற்கு வெகு முன்பே ஸ்விங் ஆக்சில் வண்டி ஆபத்தாகிவிடும். போலீஸ்காரர் அபராதம் போடவில்லை என்பதைப் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

யார் மாற்றுகிறார் என்பதும் முக்கியம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வாகனத்தில் கட்டாயமாக உள்ள பாதுகாப்பு அம்சத்தைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யத் தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் பழுதுபார்க்கும் கடைக்கும் தடை உண்டு. சொந்தக்காரர் தன் கையால் செய்தால் அந்தத் தடை அவரைக் கட்டாது. ஆனால் சுதந்திரத்தோடு பொறுப்பும் முழுதாக அவர் தலையில் விழுகிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தை மறைத்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படக்கூடும். முன்கூட்டி எழுத்தில் தெரிவிப்பதே புத்தி.

கடையில் கொடுத்துச் செய்பவருக்குக் கலிபோர்னியாவில் நல்ல பாதுகாப்பு இருக்கிறது. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். ஒப்புதலின்றி அதைத் தாண்டி வாங்கக் கூடாது. முன்கூட்டிக் கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். பழைய டார்ஷன் பாரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது வீண் வேலையல்ல. பின்னால் தகராறு வந்தால் அதுவே சாட்சி. கடை ஏமாற்றினால் மாநில வாகனப் பழுதுநீக்கப் பணியகத்தில் புகார் செய்யலாம்.

தொழிற்சாலையில் செய்த புது வண்டி வாங்கியவருக்கு இன்னொரு உரிமை. வேறு நிறுவனத்து ஸ்பிரிங் போட்டதாலேயே உத்தரவாதம் முழுதும் ரத்து என்று 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி சொல்ல முடியாது. அந்த ஸ்பிரிங்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டினால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம். கவுன்ட்டரில் ஒருவர் வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும்.

வாடகைக்கு ஓட்டுகிறவர்களின் நிலை வேறு. மணல்மேட்டு வாடகைக் கடையில் கையெழுத்து வாங்கும் தாளில், எது நடந்தாலும் கடை பொறுப்பல்ல என்று இருக்கும். கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2007இல் சாந்தா பார்பரா நகரம் தொடர்பான வழக்கில், மிகக் கடுமையான அலட்சியத்துக்கு அப்படிப்பட்ட கையெழுத்து பொதுவாகக் காப்பாகாது என்று தீர்த்தது. பொருளின் குறையால் காயம்பட்டால் தயாரிப்பாளரின் அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்பது 1963இன் கிரீன்மேன் வழக்கு. வாடகைக்கு விடும் தொழில் செய்பவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு என்பது 1970இன் பிரைஸ் எதிர் ஷெல் வழக்கு. ஏறும் முன் பின்சக்கரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா என்று பார்த்து, நான்கு பக்கமும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால், கையில் ஆதாரம் இருக்கும். காயத்துக்கான வழக்கைக் கலிபோர்னியாவில் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ரைனோ விபத்துகள் பலவற்றில் வண்டியில் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்பதையும் ஏறுகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பக்கி அரிது. ஜீப்பையும் மஹிந்திரா ‘தார்’ வண்டியையும் உயர்த்துகிறவர்கள் அதிகம். அவர்களுக்குக் கலிபோர்னியா தரும் சுதந்திரம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் விற்கும் கடைக்காரர் ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்று சொன்னால், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. குறையுள்ள பொருளால் காயம்பட்டவர் தயாரிப்பாளர், விற்பவர், சேவை தருபவர் மீது இழப்பீடு கேட்கலாம். ஆனால் அதன் 87ஆவது பிரிவு, காயம் நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்பவர் மீது அந்த வழக்கு நிற்காது என்கிறது. வண்டியை உயர்த்தியவர் அந்த வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார். தவறான வேலை செய்த பட்டறை மீது சேவைக் குறைபாட்டுப் புகார் கொடுக்கும் வழி அப்போதும் திறந்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். மனுவோடு வேண்டியவை பில், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த உயர அளவுகள், படங்கள், கழற்றிய பாகங்கள்.